சேலம் முதல் வேலூர் வரை: எண்ணெய்ப் பண்டம் காறாமல் காக்கும் பாதை

எண்ணெயில் பொரித்த பண்டம் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று நமுத்துப்போவது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, கடித்தால் நொறுங்காமல் சவசவவென்று ஆகிவிடும். மற்றது காறிப்போவது. மொறுமொறுப்பு அப்படியே இருக்கும். வாயில் போட்டதும் சிக்கு வாடை அடித்து, தொண்டையைக் கரகரவென்று பிடிக்கும். முதலாவதற்குக் காரணம் தண்ணீர். இரண்டாவதற்குப் பெரும்பாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன். தண்ணீரைத் தடுக்கும் கவர் ஆக்சிஜனையும் தடுத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். நன்றாகச் செய்த பண்டங்கள் கடையிலேயே வீணாவதற்கு அந்த நம்பிக்கையே முக்கியக் காரணம்.

இதையெல்லாம் ஒரே நாளில் நேரில் பார்க்க ஏற்ற பாதை ஒன்று உண்டு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தொடங்கி, ஆட்டையாம்பட்டி, ராசிபுரம், நாமக்கல் வழியாகப் பரமத்தி வேலூரில் காவிரிக்கரையைத் தொடுவது அது. மொத்தமும் நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். கடலை, எண்ணெய், முறுக்கு, நெய், முட்டை, கொப்பரை என்று கொழுப்புள்ள சரக்கு அத்தனையும் இந்தச் சமவெளியில் விளைகிறது, வேகிறது, மூட்டை கட்டி வெளியூர் போகிறது. 1997 ஜனவரி வரை இது முழுவதும் ஒரே சேலம் மாவட்டம்.

செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மொத்த வியாபாரக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. பருப்பு மூட்டைகளுக்கு நடுவே நிலக்கடலையும் எண்ணெய் டின்களும் அடுக்கியிருக்கும். நிலக்கடலைப் பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். ஆனாலும் நன்றாகக் காய்ந்த கடலைக்காய், ஓட்டோடு இருக்கும்வரை மாதக்கணக்கில் காறுவதில்லை. மேலே ஓடு, உள்ளே செந்தோல், அதற்கும் உள்ளே எண்ணெயைத் துளித்துளியாகப் பிரித்து மூடிவைத்திருக்கும் செல்கள் என்று மூன்றடுக்குக் காவல் அதற்கு இருக்கிறது. ஓட்டை உடைத்த பருப்பு அதைவிடச் சீக்கிரம் கெடும். பருப்பு இரண்டாகப் பிளந்துவிட்டால் இன்னும் சீக்கிரம். உடைந்த பருப்புக்கு வியாபாரி விலை குறைப்பதில் நியாயம் இருக்கிறது. இயற்கை போட்டுக் கொடுத்த உறையை உடைத்த பிறகு அதே வேலையை மனிதன் செய்ய வேண்டியிருக்கிறது. உணவுப் பொட்டலத் தொழில் முழுவதும் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

ஆக்சிஜன் எண்ணெயை எப்படிக் கெடுக்கிறது? எண்ணெய் மூலக்கூறில் நீண்ட கார்பன் சங்கிலிகள் உண்டு. அவற்றில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள ஹைட்ரஜன் எளிதில் பிடுங்கப்படும். வெப்பமோ வெளிச்சமோ உலோகத் துகளோ அப்படி ஒன்றைப் பிடுங்கிவிட்டால், காலியான இடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ளும். அப்படி உருவான மூலக்கூறு அமைதியாக இருக்காது. பக்கத்து மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்து அதையும் தன்னைப்போல் ஆக்கும். வைக்கோல் போரில் விழுந்த தீப்பொறி மாதிரி, தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. பற்றிக்கொண்ட பிறகு தடுக்க முடியாது. இந்தக் கட்டத்தில் உருவாகும் பெராக்சைடுகளுக்கு வாடை இல்லை. அவை உடைந்து ஹெக்சனால் போன்ற சிறிய ஆல்டிஹைடுகள் பிறக்கும்போதுதான் மூக்குக்குச் செய்தி எட்டுகிறது. வாடை வந்த பிறகு கவரை மாற்றிப் பயனில்லை.

எல்லா எண்ணெயும் ஒரே வேகத்தில் காறுவதில்லை. இரண்டு இரட்டைப் பிணைப்புள்ள லினோலிக் அமிலம், ஒன்றே ஒன்று உள்ள ஒலிக் அமிலத்தைவிடச் சுமார் பத்து மடங்கு வேகமாக ஆக்சிஜனை ஏற்கும். கடலை எண்ணெயில் இரண்டுமே கணிசமாக இருக்கின்றன. நல்லெண்ணெயிலும் லினோலிக் ஏராளம். ஆனால் எள்ளுக்கே உரிய செசமால் முதலிய பொருட்கள் சங்கிலியை நடுவில் அறுத்துவிடுவதால் அது அசாதாரணமாகத் தாங்கும். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. ஆக்சிஜனுக்கு அங்கே பிடி குறைவு. அதற்கு வேறொரு ஆபத்து உண்டு. அது வேலூரில் வரும்.

சேலத்தை விட்டுத் தென்மேற்காகத் திருச்செங்கோடு சாலையை நோக்கிப் போகையில் வலப்பக்கம் கஞ்சமலை தெரியும். இரும்புத்தாது நிறைந்த மலை. அதன் அடிவாரத்தில் 1981இல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலை, துருப்பிடிக்காத எஃகுத் தகட்டுக்குப் பெயர்பெற்றது. முறுக்கையும் நெய்யையும் பற்றிப் பேசும்போது உருக்காலை எதற்கு என்று தோன்றலாம். எண்ணெயைக் காறவைப்பதில் செம்புக்கும் இரும்புக்கும் உள்ள பங்கு பெரியது. மிக நுண்ணிய அளவு செம்பு எண்ணெயில் கரைந்தால்கூடப் பெராக்சைடுகள் விறுவிறுவென்று உடையத் தொடங்கும். ஈயம் போன பித்தளைப் பாத்திரத்தில் நெய்யை வைக்கக்கூடாது என்று பாட்டிமார் சொன்னதற்கு இந்த வேதியியல் துணை நிற்கிறது. எவர்சில்வர் போசியும் சம்புடமும் அடுக்களைக்கு வந்தபோது, துலக்கும் வேலை குறைந்ததோடு கொழுப்புக்கு இருந்த ஒரு பெரிய எதிரியும் வெளியேறியது. மூடி இறுக்கமாக உட்காரும் எவர்சில்வர் டப்பா ஒளியையும் தடுக்கும். வீட்டுப் பண்டத்துக்கு அதைவிட நல்ல உறை எளிதில் கிடைக்காது.

சேலத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் ஆட்டையாம்பட்டி. முறுக்குக்குப் பேர்போன ஊர். சேலத்துத் தெருக்களில் மாலையானால் விற்கும் தட்டுவடை செட்டும் நொறுக்கலும் அன்றன்றைக்கே தின்று தீர்பவை. காறல் என்ற கேள்வியே அவற்றுக்கு எழுவதில்லை. ஆட்டையாம்பட்டி முறுக்கின் கதை வேறு. அது பஸ் ஏறிப் பயணம் போவது, உறவினர் வீட்டுக்குப் பையில் போவது, சில சமயம் விமானமும் ஏறுவது.

முறுக்குப் பட்டறையின் வேலையைக் கடைசிவரை நின்று பார்த்தால், அடைப்பதற்கு முந்தைய அரை மணி நேரம்தான் பண்டத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது விளங்கும். அரிசி மாவும் உளுந்து மாவும் பிசைந்த உருண்டையை விரல் நுனியில் திருகித் திருகிச் சுற்றுகிறார்கள். கொதிக்கும் எண்ணெயில் போட்டதும் சடசடவென்று எழும் நுரை முழுவதும் மாவிலிருந்து ஓடிவரும் நீராவி. நுரை அடங்கிவிட்டால் ஈரம் போய்விட்டது என்று பொருள். கைதேர்ந்தவர்கள் அந்தச் சத்தம் குறைவதை வைத்தே கரண்டியைத் தூக்குவார்கள். நீராவி வெளியேறிய துளைகள் வழியாக, முக்கியமாகச் சூடு இறங்கும் நேரத்தில், எண்ணெய் உள்ளே போகிறது. முறுக்கு இப்போது எண்ணெய் பூசிய பஞ்சுபோன்ற அமைப்பு. டின்னிலிருந்த எண்ணெய்க்கு மேற்பரப்பு மட்டும் காற்றைத் தொட்டது. முறுக்குக்குள் போன எண்ணெய்க்கோ எல்லாப் பக்கமும் காற்று. ஒரே எண்ணெய், டின்னில் மாதக்கணக்கில் தாங்கி முறுக்கில் வாரக்கணக்கில் காறுவது அதனால்தான்.

சூடாகவே கவரில் போட்டால் உள்ளே வியர்த்து நமுத்துவிடும். ஆறட்டும் என்று இரவு முழுவதும் விசிறிக்கடியில் பரப்பிவைத்தால் ஆக்சிஜனுக்கு விருந்து. சல்லடையில் எண்ணெய் வடிந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கியதும் அடைப்பதே சரி. செய்தித்தாளில் எண்ணெய் உறிஞ்சவைப்பது கூடாது. அச்சு மையின் காரணமாக, உணவைச் செய்தித்தாளில் வைப்பதற்கும் பொட்டலம் கட்டுவதற்கும் 2018ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிகள் தடை போட்டுவிட்டன. திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கறுத்த எண்ணெயில் பொரித்த முறுக்கை எந்தக் கவராலும் காப்பாற்ற முடியாது. அது பிறக்கும்போதே பாதி காறிய பண்டம். பொரிக்கும் எண்ணெயில் கெட்ட சேர்மங்கள் நூற்றுக்கு 25க்கு மேல் போகக்கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது.

அடுத்தது கவர். ஊர்க்கடைகளில் பெரும்பாலும் காண்பது கண்ணாடிபோல் தெரியும் பாலித்தீன் பை. வாயைச் சீலிங் மெஷினில் வைத்து அழுத்தினால் வேலை முடிந்தது. பாலித்தீன் நீராவியை நன்றாகத் தடுக்கும். ஆக்சிஜனைத் தாராளமாக விட்டுவிடும். ஒரு சதுர மீட்டர் மெல்லிய பாலித்தீன் வழியே ஒரு நாளில் சில ஆயிரம் மில்லிலிட்டர் ஆக்சிஜன் புக முடியும். அதே பரப்புள்ள பாலியெஸ்டர் தாளில் அது நூறு மில்லிலிட்டரை ஒட்டி இருக்கும். அந்தப் பாலியெஸ்டர்மீது வெற்றிடத்தில் அலுமினிய ஆவியைப் படியவைத்தால், சுமார் ஒரு மில்லிலிட்டராகக் குறைந்துவிடும். படியும் அலுமினியத்தின் தடிமன் சில பத்து நானோமீட்டர்தான். பெரிய நிறுவனங்களின் சிப்ஸ் பாக்கெட்டை உட்புறம் திருப்பினால் வெள்ளியாக மின்னுவது இந்தப் படலமே.

இந்த எண்களை ஒரு முறுக்குப் பாக்கெட்டில் வைத்துக் கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். 100 கிராம் முறுக்கில் 30 கிராம் எண்ணெய் என்று கொள்வோம். எண்ணெயில் சேர்ந்த பெராக்சைடின் அளவைக் காட்டும் பெராக்சைடு எண் 10ஐத் தாண்டக்கூடாது என்பது சுத்திகரித்த எண்ணெய்க்கு உலக அளவில் ஏற்ற வரம்பு. 30 கிராம் எண்ணெயை அந்த வரம்புக்குக் கொண்டுபோக 4 மில்லிலிட்டருக்கும் குறைவான ஆக்சிஜன் போதும். பாக்கெட்டுக்குள் 200 மில்லிலிட்டர் காற்று அடைபட்டிருந்தால் அதில் ஆக்சிஜன் மட்டும் 42 மில்லிலிட்டர். தேவைக்குப் பத்து மடங்குக்கும் மேல்! வெளியிலிருந்து ஒரு துளி நுழையாவிட்டாலும், உள்ளே சேர்த்து அடைத்த காற்றே முறுக்கைக் கெடுத்துவிடும். எவ்வளவு உயர்ந்த தாளில் அடைத்தாலும், உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றாவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

நைட்ரஜன் இங்கேதான் வருகிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுவே, எண்ணெயோடு சேராது. அடைக்கும் நொடியில் பாக்கெட்டுக்குள் நைட்ரஜனைப் பீச்சிக் காற்றை வெளியே தள்ளினால், மிச்ச ஆக்சிஜன் 2 சதவீதத்துக்குக் கீழே வரும். 200 மில்லிலிட்டரில் 2 சதவீதம் 4 மில்லிலிட்டர். மேலே சொன்ன வரம்போடு அது பொருந்துவதைக் கவனிக்கலாம். பாக்கெட் உப்பியிருப்பதைப் பார்த்து, காற்றை அடைத்து ஏமாற்றுகிறார்கள் என்று பலர் கோபப்படுகிறார்கள். அந்த வாயு பண்டம் நொறுங்காமல் தாங்கவும் செய்கிறது, காறாமல் காக்கவும் செய்கிறது.

சில சிறு உற்பத்தியாளர்கள் நைட்ரஜன் இயந்திரத்தை வாங்கிவிட்டு, கவரை மட்டும் பழைய பாலித்தீனாகவே வைத்துக்கொண்டால் செலவு முழுவதும் வீண். இரண்டு பக்கமும் சேர்த்து 600 சதுர சென்டிமீட்டர் உள்ள சிறிய பாலித்தீன் பைக்குள், இழந்த ஆக்சிஜன் பெருமளவு ஒரு நாளிலேயே திரும்பிவிடும். உலோகப் படலம் பூசிய பாலியெஸ்டர் என்றால் 4 மில்லிலிட்டர் நுழைய ஏறக்குறைய பத்து மாதம் ஆகும். இது தாளை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. சீல் போட்ட இடத்தில் ஒரு முறுக்குத் துணுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ மாட்டியிருந்தால், நூலளவு ஓட்டை வழியே எல்லாம் போய்விடும். சீலிங் ஓரத்தைத் துடைத்து, விரலால் இழுத்துப் பார்த்து அனுப்பும் பெண்களின் கவனம், தாளின் விலைக்குச் சற்றும் குறைந்ததல்ல.

பாக்கெட்டுக்குள் போடும் சிறு பொட்டலங்களிலும் குழப்பம் உண்டு. சிலிக்கா ஜெல் ஈரத்தை மட்டும் இழுக்கும். நமுப்பைத் தடுக்குமே தவிரக் காறலைத் தடுக்காது. இரும்புத் தூள் நிரப்பிய பொட்டலம் வேறு. துருப்பிடித்துக்கொண்டே சுற்றியுள்ள ஆக்சிஜனைத் தின்னும். ஜப்பானின் மிட்சுபிஷி கேஸ் கெமிக்கல் நிறுவனம் 1977இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரு கிராம் இரும்பு சுமார் 300 மில்லிலிட்டர் ஆக்சிஜனை உறிஞ்ச வல்லது. நைட்ரஜன் இயந்திரத்துக்கு முதலீடு இல்லாத பட்டறைக்கு இது உதவும், ஆக்சிஜனைத் தடுக்கும் தாளில் அடைத்தால்.

சாலையோரக் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகள்மேல் வெயில் அடிக்கிறது. ஒளி பட்டால், எண்ணெயிலுள்ள நிறமிகள் அதை வாங்கி ஆக்சிஜனுக்கு முறுக்கேற்றிவிடும். அந்தக் கிளர்ந்த ஆக்சிஜன், லினோலிக் அமிலத்தோடு ஆயிரம் மடங்குக்கும் அதிக வேகத்தில் சேரும். சங்கிலி தொடங்கக் காத்திருக்க வேண்டியதே இல்லை. மரச்செக்கு எண்ணெயைத் தெளிந்த பாட்டிலில் வாசலில் அடுக்கிவைப்பதும் இதே கேடுதான். நல்ல எண்ணெய் என்று காட்ட வைக்கும் வெளிச்சமே அதைக் கெடுக்கிறது. பழுப்புக் கண்ணாடி, டின், நிறம் சேர்த்த கேன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் அடைத்து உள்ளே வைப்பது நல்லது. சித்திரையில் இந்தப் பக்கம் வெயில் 38, 39 டிகிரியைத் தொடும். பத்து டிகிரி கூடினால் காறும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

ஆட்டையாம்பட்டியிலிருந்து வெண்ணந்தூர் வழியாகக் கிழக்கே போனால் ராசிபுரம். இந்த ஊரின் நெய்க்குச் சந்தையில் தனி மதிப்பு. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். நெய்யில் அது அரை சதவீதத்துக்குள். உருக்கும்போது முதலில் சலசலவென்று கொதித்து வெண்ணுரை கட்டும். பிறகு சத்தம் தணிந்து, அடியில் கசண்டு பொன்னிறமாகும். அந்த நேரத்தில் ஒரு கொத்து முருங்கைக்கீரையோ வெற்றிலையோ போட்டால் படபடவென்று பொரியும். வாசத்துக்காக என்று நினைத்து வந்த இந்தப் பழக்கத்தில் வேறு பயனும் உண்டு. கறிவேப்பிலையும் வெற்றிலையும் நெய் காறுவதைத் தாமதப்படுத்துகின்றன என்று 1979இல் இந்திய ஆய்வாளர்கள் சோதித்து வெளியிட்டார்கள். வெற்றிலையிலுள்ள பீனால் சேர்மங்கள் சங்கிலியை அறுக்கின்றன. பொன்னிறக் கசண்டும் அப்படி ஒரு காப்பே. சரியாகச் சிவக்காமல் இறக்கிய நெய்க்கு ஆயுள் குறைவு.

நெய்க்கு உறை டின்னும் கண்ணாடி ஜாடியும். விளிம்புவரை ஊற்றி அடைப்பது அளவு காட்ட மட்டுமல்ல. மேலே நிற்கும் காற்றைக் குறைக்கவும்தான். பாதி தீர்ந்த 15 கிலோ டின்னில் மேல் பாதி முழுவதும் காற்று. அதைச் சிறு பாத்திரங்களில் வழிய வழிய மாற்றிவைப்பதே புத்திசாலித்தனம். ஒருமுறை பயன்படுத்திய டின்னைக் கழுவித் திரும்ப எண்ணெய்யும் நெய்யும் ஊற்றுவது வேண்டவே வேண்டாம். பழைய காறல் எண்ணெயின் பிசுக்கு புதியதுக்கு விதையாகும். தகரப் பூச்சு தேய்ந்த இடத்தில் இரும்பு வெளியே தெரியும்.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் நோக்கித் திரும்பினால் இடப்பக்கம் கொல்லிமலை கூடவே வரும். அந்த மலையிலும் ஏற்காட்டிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு, மேட்டூரில் மால்கோ ஆலை 1965 முதல் அலுமினியம் உருக்கியது. 2008இல் உருக்குவது நின்றது. ஆக்சிஜன், ஒளி, ஈரம் மூன்றையும் ஒருசேர நிறுத்தும் உறை உலோகத் தகடு ஒன்றே. சில மைக்ரான் தடிமனுள்ள அலுமினியத் தாள் இதில் முதலிடம். ஆனால் கசங்கிய மடிப்பில் ஊசிமுனைத் துளை விழும். அதனால்தான் இருபுறமும் பிளாஸ்டிக்கோடு ஒட்டிப் பயன்படுத்துகிறார்கள். முறுக்குக்கு அவ்வளவு வேண்டியதில்லை. ஆவிப் படலம் பூசிய தாளே போதும்.

நாமக்கல் கோட்டை அடிவாரத்தில் 18 அடி ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துவது நாடறிந்த வழக்கம். அனுமன் ஜயந்திக்கு 1,00,008 வடைகள். பல நாள் முன்பே சுடத் தொடங்கி, கோத்து, சாத்தி, பிறகு பக்தர்களுக்குக் கொடுக்கும்வரை அவை கெடாமல் இருக்க வேண்டும். வெங்காயம் இல்லாமல், மிளகு சேர்த்து, தட்டையாகவும் கெட்டியாகவும் சுடுவதால் ஈரம் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடுகிறது. மிளகும் காறலைத் தள்ளிப்போடும் குணம் உள்ளது. உறையே இல்லாத பண்டத்தைச் சமையல் முறையால் காக்கும் நல்ல எடுத்துக்காட்டு அது.

நாமக்கல்லின் அடையாளமான முட்டைக்கு ஓடே உறை. மஞ்சள் கருவில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு இருந்தும் ஓட்டுக்குள் அது காறுவதில்லை. உலர்த்தித் தூளாக்கிய பிறகு நிலைமை மாறுகிறது. மஞ்சள் கருத் தூளில் பாதிக்கு மேல் கொழுப்பு. தூளின் ஒவ்வொரு துகளும் காற்றைத் தொடுகிறது. பண்ணைகளில் கோழித்தீவனத்துக்கும் இதே தொல்லை. அரிசித் தவிட்டை அரைத்த நாளிலிருந்தே அதிலுள்ள நொதி கொழுப்பைச் சிதைக்கத் தொடங்கும் என்பதால், எண்ணெய் எடுத்த தவிடு பாதுகாப்பானது. பின்னல் சாக்கு காற்றைத் தடுக்காது. தீவனத்தை அரைத்த சில நாட்களில் தீர்ப்பதே அங்கே வழி.

நாமக்கல்லிலிருந்து தெற்கே பரமத்தி தாண்டி வேலூர் நெருங்கும்போது வெற்றிலைக் கொடிக்கால்களும் தென்னந்தோப்புகளும் தொடங்கும். வேலூரை அடுத்த வெங்கமேட்டு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் தேங்காய்ப் பருப்பு ஏலம் நடக்கிறது. கொப்பரையின் காறலுக்குக் காரணம் ஆக்சிஜன் அல்ல, ஈரம். ஈரமும் பூஞ்சையும் சேர்ந்தால் லிபேஸ் நொதி கொழுப்பை உடைத்து லாரிக் அமிலத்தை விடுவிக்கும். அந்தத் தேங்காய் எண்ணெயில் சமைத்தால் சோப்பு வாடை அடிப்பது அதனால்தான். இதற்கு நைட்ரஜனும் உலோகப் படலமும் பயன்படாது. பருப்பை ஈரம் 6, 7 சதவீதத்துக்கு வரும்வரை காயவைத்து, காய்ந்த சாக்கில், தரையில் படாமல் அடுக்குவதே மருந்து. எந்தக் கெடுதல் என்று தெரியாமல் உறையைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதற்கு வேலூர்க் கொப்பரை போதுமான சான்று.

உறைக்குப் பின்னே ஒரு கடனும் இருக்கிறது. பாலியெஸ்டர், அலுமினியம், பாலித்தீன் என்று ஒட்டிய தாளைப் பிரித்து மறுசுழற்சி செய்வது மிகக் கடினம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தும், பஸ் ஸ்டாண்டு ஓரங்களில் வெள்ளிப் பாக்கெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் ஆக்சிஜன் தடுப்பைச் சேர்க்கும் முயற்சிகள் உலகெங்கும் நடக்கின்றன. அதுவரை தேவைக்கு மிஞ்சிய உறையைத் தவிர்ப்பது கைக்கெட்டிய வழி. பத்து நாளில் உள்ளூரிலேயே தீரும் முறுக்குக்குச் சாதாரணக் கவரோ எவர்சில்வர் டப்பாவோ போதும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போகும் முறுக்குக்குத்தான் வெள்ளித் தாளும் நைட்ரஜனும் அவசியம்.

எப்படி அடைத்திருந்தாலும், கத்தரி பட்ட நொடியில் உறையின் வேலை முடிந்துவிடுகிறது. அச்சிட்டிருக்கும் கெடுதேதி பிரிக்காத பாக்கெட்டுக்கு உரியது. பிரித்த பாக்கெட்டின் வாயை ரப்பர் பேண்டால் கட்டினால் நமுப்பு சற்றுத் தள்ளிப்போகும். காறலுக்கு அது தடையாகாது. பண்டத்தை அதன் அளவுக்கேற்ற சிறிய டப்பாவில் நெருக்கமாக நிரப்பி, அடுப்பிலிருந்து விலக்கி, இருட்டான அலமாரியில் வைத்து, ஒன்றிரண்டு வாரத்தில் தின்று முடிக்க வேண்டும். பழைய தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டியிருக்கும் டப்பாவில் புதிய முறுக்கைக் கொட்டக்கூடாது. வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, ஈரம் போகக் காயவைத்த பிறகே நிரப்ப வேண்டும்.